சிஆர்பி 112 என்றால் காலை எடுத்துவிடுவார்களா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“என் அப்பாவுக்கு வயது 61. 16 வருடமாகச் சர்க்கரை நோய். வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண் வந்து ஆறு வாரமாகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். போன வாரம் விரல் வீங்கி, சிவப்பு பாதத்தின் மேல்பக்கம் வரை ஏறியது. ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி 112, இஎஸ்ஆர் 86, வெள்ளை அணுக்கள் 9,800, அதில் நியூட்ரோபில் 80 சதவீதம், லிம்போசைட் 11 சதவீதம். ஹீமோகுளோபின் 9.8, கிரியாட்டினின் 1.9, ஆல்புமின் 2.8, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.4. ஆன்டிபயாடிக் ஆரம்பித்து ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் சிஆர்பி 48 ஆகியிருக்கிறது, இஎஸ்ஆர் மட்டும் 90. நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் எண் அதிகமாக இருந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று படித்தேன். அப்பாவுக்கு 7-க்கு மேல் வருகிறது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. அப்பாவோ ‘காய்ச்சல் இல்ல, வலி இல்ல, வெள்ளை அணுவும் சரியாத்தான் இருக்கு, எதுக்கு இவ்வளவு பயப்படற?’ என்று வழக்கம்போல நடமாடிக்கொண்டிருக்கிறார். யார் சொல்வது சரி?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்ததுமே உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன்: தாமதிக்காமல், கால் புண்ணையும் கால் ரத்தக்குழாய்களையும் சேர்த்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துப் போங்கள் என்று. போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே கேள்வியைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். இந்த எண்களில் எதுவும் “கால் போய்விடும்” என்ற தீர்ப்பு ஆகாது. அப்பா சொல்வதும் சரியில்லை. அவர் கால் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்தை அளக்க நீங்கள் பார்க்கும் இடம் வேறு, பார்க்க வேண்டிய இடம் வேறு. கடிதத்தில் ரத்தம் பற்றி இத்தனை எண்கள் இருக்கின்றன. பாதத்தில் நாடித்துடிப்பு கிடைக்கிறதா, புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இது உங்கள் குறை அன்று. பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கும்போது எல்லோருடைய கண்ணும் அதன்மேல்தான் போகும், மருத்துவர்களின் கண் உட்பட.

சிஆர்பியை எடுத்துக்கொள்வோம். இது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடலில் எங்கே அழற்சி வந்தாலும், அங்கிருந்து கிளம்பும் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போக, சில மணி நேரத்தில் சிஆர்பி ஏறத் தொடங்கும். இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். அழற்சி காலில்தான் என்றோ, தோலில் நிற்கிறதா எலும்புக்குப் போய்விட்டதா என்றோ அது சொல்லாது. அது நன்றாகச் சொல்வது ஒன்றுதான்: நேற்றைவிட இன்று எப்படி.

ரத்தத்தில் இருக்கும் சிஆர்பி ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். கல்லீரல் அதைச் சுரப்பதை அடியோடு நிறுத்தியிருந்தால் 112 என்பது ஐந்து நாளில் 2-க்கும் கீழே வந்திருக்க வேண்டும். நிஜத்தில் தொற்று அப்படி ஒரே நாளில் அணைவதில்லை. அதனால் 48 என்பது நல்ல இறக்கம்தான். மருந்து வேலை செய்கிறது. அதே சமயம், உள்ளே இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அந்த 48-லேயே எழுதியிருக்கிறது. அடுத்த சில நாட்களில் அது 20, 10 என்று இறங்குகிறதா, அல்லது 40-ஐச் சுற்றியே நின்றுவிடுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இங்கே ஒரு எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் சிஆர்பியை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் தருகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு இடத்தில் 48, இன்னொரு இடத்தில் 4.8 என்று வந்தால் இரண்டும் ஒன்றே. கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள்.

இஎஸ்ஆர் 86-லிருந்து 90 ஆனதற்கு நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. சிவப்பணுக்கள் குழாயில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்பதுதான் இஎஸ்ஆர். அழற்சியில் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடுவதால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாகப் படியும். அந்தப் புரதங்கள் குறைய வாரக்கணக்கில் ஆகும். ஐந்து நாளில் இஎஸ்ஆர் இறங்கவில்லை என்பதை வைத்து மருந்தைக் குறை சொல்லக்கூடாது. 86-க்கும் 90-க்கும் இடையிலுள்ள வித்தியாசமும் பொருட்படுத்தத் தக்கதன்று. தவிர, ஹீமோகுளோபின் 9.8 என்பதால் அப்பாவுக்கு ரத்தசோகை இருக்கிறது, கிரியாட்டினின் 1.9 என்பதால் சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே இஎஸ்ஆரை உயர்த்தும்.

ஆனாலும் அந்த எண்ணை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணோடு இஎஸ்ஆர் 70-ஐத் தாண்டினால், அடியிலுள்ள எலும்பில் தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். இது நிரூபணம் ஆகாது, தேடிப் பார் என்ற உத்தரவு. அந்தத் தேடலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த 7. நியூட்ரோபில் 80-ஐ லிம்போசைட் 11-ஆல் வகுத்தால் 7.3 வரும், கணக்கு சரி. கால் நீக்கப்பட்டவர்களிடம் இந்த விகிதம் சராசரியாக அதிகமாக இருந்தது என்று பல ஆய்வுகள் சொல்வதும் உண்மை. சிஆர்பி, இஎஸ்ஆர், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவது ஆகியவற்றுக்கும் அப்படிப்பட்ட ஆய்வுகள் உண்டு. அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். அவற்றில் பெரும்பாலானவை, மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. சேர்ந்த அன்றைய எண்ணை எடுத்து, பிறகு யாருக்குக் கால் போனது என்று ஒப்பிடுகிறார்கள். விகிதம் உயர்ந்திருந்தவர்களில் தாமதமாக வந்தவர்களும், விரல் கறுத்துப்போய் வந்தவர்களும், தொற்று ரத்தத்தில் பரவிய நிலையில் வந்தவர்களும் அதிகம். அவர்கள் காலைப் பறித்தது அந்த நிலைமை. எண் அதன் நிழல். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதுகூட ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அந்த அளவைத் தாண்டியும் காலோடு வீடு திரும்பியவர்கள் ஒவ்வொரு ஆய்விலும் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்து, அறுவை சிகிச்சை, மாரடைப்பு, கடும் மன உளைச்சல் எல்லாமே இந்த விகிதத்தை உயர்த்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சிஆர்பி, இஎஸ்ஆர், இந்த விகிதம், ஆல்புமின் நான்கும் கெட்டிருப்பதால் ஆபத்து நான்கு மடங்கு என்று கூட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே அழற்சியை நான்கு பக்கத்திலிருந்து பார்த்த அளவுகள் அவை. ஆல்புமின் 2.8 கவலைக்குரியதுதான், ஆனால் அதில் அழற்சிக்கும் பங்குண்டு, சிறுநீரில் புரதம் போவதற்கும் பங்கிருக்கலாம், சர்க்கரைக்குப் பயந்து அப்பா சாப்பாட்டைக் குறைத்திருந்தால் அதற்கும் பங்கிருக்கலாம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரையை அடக்கச் சாப்பாட்டை வெட்டுவதைவிட இந்தக் காலத்துக்கு இன்சுலின் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். இதில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. வலி இல்லை என்பது அவருக்கு நல்ல செய்தியே இல்லை. 16 வருடச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்திருக்கிறது. அதனால்தான் புண் வந்ததே. வெள்ளை அணுக்கள் 9,800 என்று சரியாக இருப்பதும், காய்ச்சல் இல்லாததும் ஆறுதல் தராது. ஆழமான கால் தொற்றோடு வரும் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குக் காய்ச்சலும் இருக்காது, வெள்ளை அணுவும் ஏறியிருக்காது. தொற்று இருக்கிறதா என்பதைக் காலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்: வீக்கம், சிவப்பு, சூடு, தொட்டால் வலி, சீழ் ஆகியவற்றில் இரண்டு இருந்தாலே தொற்று என்று பெயர். சிவப்பு புண்ணின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டரையோ அதற்கு மேலோ எட்டினால், அல்லது தோலுக்கு அடியில் ஆழமாகப் போயிருந்தால் அது நடுத்தரத் தொற்று. சிவப்பு பாதத்தின் மேல்பக்கம் வரை ஏறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலைப் பார்த்தும் தெளிவு பிறக்காத இடத்தில் கைகொடுக்கத்தான் ரத்தப் பரிசோதனைகள்.

கால் நிலைக்குமா என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது ரத்த ஓட்டம். ரத்தம் போகாத விரலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, வாய்க்கால் அடைத்துக்கிடக்கும் வயலில் உரத்தைக் கொட்டுவது மாதிரி. மருந்தும், ஆக்சிஜனும், வெள்ளை அணுக்களும் ரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே முதலில் பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பார்க்க வேண்டும். அது தெளிவாகக் கிடைத்தாலும்கூட அதோடு நிறுத்தக்கூடாது. டாப்ளர் என்ற ஒலியலைக் கருவியால் ரத்த ஓட்டத்தின் அலையைப் பார்த்து, கணுக்காலிலும் கால் விரலிலும் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும்.

கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும் கணக்கில் 0.9-க்குக் குறைந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஆனால் நீண்டகாலச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்குக் கால் தமனிகளின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். கருவியின் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் குழாய் மடங்காது. அடைப்பு இருந்தும் கணக்கு 1.0, 1.2 என்று அழகாக வரும், 1.3-ஐத் தாண்டினால் அந்த எண்ணையே நம்ப முடியாது. அதனால் அப்பாவைப் போன்றவர்களுக்கு விரல் அழுத்தம் அவசியம், ஏனெனில் விரலின் சிறு தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை. விரல் அழுத்தம் 30 மில்லிமீட்டருக்குக் கீழே, அல்லது கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டும். பலூன் மூலமோ மாற்றுப்பாதை அறுவை மூலமோ ஓட்டத்தைத் திறந்துவிட்டால், எடுத்துவிடலாம் என்று சொல்லப்பட்ட பாதமும் பிழைக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனை செய்யாமலேயே விரலையோ காலையோ எடுக்க யாராவது தேதி குறித்தால், “ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது?” என்று நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உயிருக்கே ஆபத்தான தொற்று ஒன்றுதான் இதற்கு விலக்கு. அப்போது முதலில் சீழை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கிரியாட்டினின் 1.9 என்பதால், சாயமருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமே கூடாது என்று யாராவது பயமுறுத்தலாம். டாப்ளர் ஸ்கேனுக்குச் சாயமருந்து தேவையே இல்லை. ஆஞ்சியோகிராம் வேண்டிவந்தால் சாயத்தின் அளவைக் குறைத்து, முன்னேற்பாட்டோடு செய்ய வழியுண்டு. சிறுநீரக மருத்துவரையும் சேர்த்து முடிவெடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் அளவையும் சிறுநீரகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக வலி மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகள் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து எலும்பு. புண்ணுக்குள் கிருமி நீக்கிய, மழுங்கிய முனையுள்ள உலோகக் கம்பியை மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். கடினமாக, சொரசொரப்பாக எலும்பு தட்டுப்பட்டால், இஎஸ்ஆர் 90-ம் சேர்ந்திருக்கும் நிலையில், எலும்புத் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிமிட வேலை, செலவில்லை. அதையே பல இடங்களில் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆதங்கம். அதோடு எக்ஸ்ரே வேண்டும். எலும்பு அரிக்கப்படுவது எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், முதல் படம் சுத்தமாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அப்படியும் குழப்பம் தீராவிட்டால் எம்ஆர்ஐ.

எலும்பில் தொற்று உறுதியானால் சிகிச்சையின் கணக்கே மாறும். சதையோடு நிற்கும் தொற்றுக்கு ஒன்றிரண்டு வார ஆன்டிபயாடிக் போதும். எலும்பை வெட்டாமல் மருந்தாலேயே ஆற்றப் பார்த்தால் ஏறக்குறைய ஆறு வாரம். “எலும்பில் தொற்று வந்துவிட்டால் வெட்டியே ஆக வேண்டும்” என்பது உண்மையில்லை. ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, தொற்று முன்பாதத்தில் மட்டும் நின்றால், மருந்தாலேயே ஆறியவர்கள் பலர். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கப் புண்ணின் மேல் பஞ்சைத் தடவி அனுப்புவதில் பெரிய பயனில்லை. மேலே குடியிருக்கும் கிருமிகள்தான் அதில் வளரும். புண்ணைச் சுத்தம் செய்தபின் அடியாழத்துத் திசுவை, தேவையானால் எலும்புத் துணுக்கை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 48 ஏன் முக்கியம் என்று புரியும். சிஆர்பி வேகமாக இறங்கி, பாதி வழியில் நின்றுவிட்டால் அல்லது திரும்ப ஏறினால், மருந்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போவது தவறு. வெளியேறாமல் உள்ளே தேங்கிய சீழ் இருக்கிறதா, செத்த எலும்போ திசுவோ கிடக்கிறதா, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, கிருமிக்குப் பொருந்தாத மருந்தா என்று தேட வேண்டும். முதல் மூன்றுக்கும் மாத்திரையில் விடை இல்லை. சிஆர்பியை இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இஎஸ்ஆரை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பார்ப்பதால் கவலை மட்டும்தான் மிஞ்சும்.

ஒருவேளை ஒரு விரலையோ, விரலின் எலும்பையோ எடுக்க வேண்டும் என்று சொன்னால், “இன்று விரல், நாளை கால்” என்று வீட்டில் பேச்சு கிளம்பும். கணுக்காலுக்குக் கீழே செய்யும் சிறு நீக்கமும், முழங்காலுக்குக் கீழோ மேலோ காலையே எடுப்பதும் வேறு வேறு. நீங்கள் படித்த ஆய்வுகளில் சில இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகின்றன. பயம் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். கெட்டுப்போன ஒரு விரலைச் சரியான நேரத்தில், ரத்த ஓட்டம் இருக்கும்போது எடுத்தால், அவர் தன் பாதத்தின் மேல் நின்று நடப்பார். அதைத் தள்ளிப்போட்டு, தொற்று தசைநார்களின் வழியே பாதத்துக்குள் ஏறியபின் வந்தவர்கள்தான் பெரும்பாலும் காலை இழக்கிறார்கள்.

அப்பா நடப்பதை நிறுத்த வேண்டும், இன்றே. பெருவிரலின் அடிப்பகுதி ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைத் தாங்கும் இடம். வலி தெரியாததால் அவர் தன் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். எந்த ஆன்டிபயாடிக்கும் அதை ஈடுகட்டாது. தொற்று அடங்கும்வரை கழற்றி மாட்டக்கூடிய, புண்ணின் மேல் பாரம் விழாமல் தாங்கும் உயரமான காலணி தருவார்கள். அடங்கியபின், ரத்த ஓட்டம் அனுமதித்தால், முழங்கால் வரை கழற்ற முடியாத கட்டு போடுவார்கள். இத்தகைய அடிப்பாதப் புண்ணை ஆற்றுவதில் அதற்கு நிகர் வேறில்லை. “குளியலறைக்குத்தானே, நாலு அடிதானே” என்று வெறுங்காலில் போவதும் நடைதான். அவர் புகைப்பவராக இருந்தால் அதையும் இப்போதே நிறுத்த வேண்டும்.

அவரிடம் எண்களைக் காட்டி வாதாடாதீர்கள், 7.3 என்று சொல்வதால் அவர் மனம் மாறப்போவதில்லை. பாதத்தின் அடியைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். தன் புண்ணைத் தானே பார்க்காதவர்கள்தான் அதிகம், குனிந்து பார்க்க முடியாது, பார்வையும் மங்கியிருக்கும். பார்த்தபின் பலர் தாமாகவே கிளம்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, அதன்மேல் தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறினால், விரல் கறுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, துர்நாற்றம் வந்தால், தோலில் கொப்புளம் கிளம்பினால் அல்லது அழுத்தும்போது நறநறவென்றால், குளிர்நடுக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால், சாப்பாட்டில் மாற்றம் இல்லாமலேயே சர்க்கரை திடீரென எகிறினால், இவற்றில் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.